பார்த்தெழுதியதன் பிறகு

சித்திரை பிறக்கும் நேரம் யாழ்ப்பாணத்தில் ஒன்றல்ல, இரண்டு. கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும். மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேஷம் எப்போது கொடுப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். சூரியன் ஒன்றுதானே, அது மேட ராசிக்குள் நுழையும் நேரம் மட்டும் எப்படி இரண்டாகும் என்று சிறுவயதில் அம்மம்மாவிடம் கேட்டேன். "அவையள் வாக்கியத்தைப் பாத்துச் சொல்லுகினம், இவையள் கணக்குப் போட்டுச் சொல்லுகினம்" என்றார். அந்தப் பதில் எனக்கு முழுதாக விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. பிள்ளைகளுக்குச் செய்நிரலாக்கம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

ஆசிரியர்கள் கூடும் இடமெல்லாம் இன்று ஒரே முறைப்பாடு. பிள்ளைகள் மாதிரியைப் பார்த்துத்தான் செய்நிரல் எழுதுகிறார்கள். மாதிரி இல்லாவிட்டால் கை ஓடுவதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு முறைப்பாடு கோபமாகிவிட்டது. கேட்ட கையோடு முழுச் செய்நிரலும் வந்து விழுகிறதே, இனிப் பிள்ளை எதற்கு யோசிக்கப் போகிறது என்கிறார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் பார்த்தெழுதுவதே குற்றம் என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்த மண்ணில் எழுத்தும் கணக்கும் வானசாத்திரமும் பார்த்தெழுதித்தான் தலைமுறை தலைமுறையாக வந்தன. 1981 ஜூன் முதலாம் நாள் விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்தன. வேறெங்காவது ஒரு படி இருந்தவைதாம் தப்பின. படியெடுப்பதை இழிவாகப் பேச எங்களுக்கு வாய் வராது.

விஜயதசமியன்று கோயில்களில் ஏடு தொடக்குவார்கள். குருக்களோ ஆசிரியரோ குழந்தையின் சுட்டுவிரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய பச்சரிசியில் ‘அ’ எழுதுவார். கை அவருடையது, அரிசியின் சொரசொரப்பை உணர்வது குழந்தையின் விரல். எங்கள் கல்வியில் முதல் பாடமே ஒரு மாதிரிதான். பழைய திண்ணைப் பள்ளியில் இதற்கு அடுத்தடுத்த படிகள் இருந்தன. சட்டம்பியார் மணலில் எழுதிக் காட்டுவார். பிள்ளை அதே தடத்தின் மேல் விரலை ஓட்டும். பிறகு பக்கத்தில் எழுதும். பிறகு பாராமல் எழுதும். கை திருந்திய பின்தான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடியும் அப்படித்தான்: வாய்விட்டுச் சொல்லி மனத்தில் ஏற்றி, கடைசியில் தன் எண்சுவடியைத் தானே ஓலையில் எழுதி முடிக்கவேண்டும். பிடித்த கை கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போவதுதான் அந்தப் பாடத்திட்டத்தின் உயிர்.

காரிநாயனாரின் ‘கணக்கதிகார’த்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு வழி சொல்லியிருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணு, வந்ததை ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. 100 முள் என்றால் 120 சுளை. உள்ளிடுவது, செய்வது, பெறுவது மூன்றும் நாலு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. இன்றைய கணினிக் கூடத்தில் வைத்தாலும் செய்நிரல்தான். ஏன் ஆறு, ஏன் ஐந்து என்று பாட்டு சொல்வதில்லை. ஆனாலும் பழம் முற்றத்தில் கிடக்கிறது. வெட்டி எண்ணிப் பார்த்தால் சூத்திரம் எந்த அளவுக்கு நிற்கிறதென்று எந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். மாதிரியைச் சோதிக்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வானம் அப்படியல்ல. அதை வெட்டிப் பார்க்க முடியாது.

வாக்கியம் என்று அம்மம்மா சொன்ன வகையைச் சேர்ந்தவை வரருசியின் பெயரால் வழங்கும், சந்திரனுக்கான 248 சிறு தொடர்கள். சந்திரன் பூமியை விட்டு மிகத் தொலைவுக்குப் போய், மறுபடி அதே தொலைவுக்கு வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. இப்படி ஒன்பது சுற்று முடியும்போது ஏறத்தாழச் சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் சந்திரன் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று ஒருமுறை கணித்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு அதே வரிசை திரும்பத் திரும்ப வரும். அந்த எண்களைக் கடபயாதி முறைப்படி எழுத்துகளாக்கி, எழுத்துகளைச் சொற்களாக்கி, பொருளுள்ள தொடர்களாகக் கோத்திருக்கிறார்கள். தொடரை மனப்பாடம் செய்தவனுக்கு அட்டவணை முழுவதும் நாவில் இருக்கும். முன்பே கணித்து வைத்த அட்டவணையைப் பார்த்து விடை எடுப்பது இன்றைய செய்நிரலாளரும் நாள்தோறும் செய்யும் வேலை. அதைத் தாளும் இல்லாமல் செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு தூரம் இது வேலை செய்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’த்தில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்திலிருந்த வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டு மே முடிவில் வந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. 20ஆம் நூற்றாண்டில் ஓட்டோ நொய்கெபவர் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் இந்தச் சோழிக் கணக்கை எடுத்துத் தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். பல நூற்றாண்டு பழைய ஒரு கணிப்புமுறை, கருவியில்லாமல், வாய்வழியாக அவ்வளவு பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறதே என்பதுதான் அவருக்கு வியப்பு. எனக்கும் அதே வியப்புத்தான். கூடவே ஒரு கலக்கமும் உண்டு. அந்த 52 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று தேட, சோழியை வைத்தவருக்கு வழி இருந்ததா?

இதே கேள்வி நாலு ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கே வந்தது. அராலியில் பஞ்சாங்கம் கணிக்கும் மரபு பழையது. அராலி இராமலிங்க முனிவர் 1667இல் கணித்ததை யாழ்ப்பாணத்தின் முதற் பஞ்சாங்கமாகச் சொல்வார்கள். 1829இல் அந்த மரபில் வந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் மார்ச் மாதத்தில் ஒரு சந்திரகிரகணம் குறித்திருந்தது. பக்கத்து ஊரான வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி இருந்தது. அதன் தலைவர் டானியல் பூர் தம் கணக்கையும் போட்டுப் பார்த்து, கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறைபடும் அளவு மூன்றிலும் பஞ்சாங்கம் பிசகுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அன்றிரவு பலர் வானத்தைப் பார்த்திருந்தார்கள். கிரகணம் பூரின் கணக்குப்படி வந்தது.

இந்தக் கதையை மிஷன் எழுத்துகள் தம் சமயத்தின் வெற்றியாகவே சொல்லி மகிழ்ந்தன. அந்தப் பூச்சை நீக்கிவிட்டுப் பார்க்கவேண்டும். ஐரோப்பியக் கணிப்பிலும் அட்டவணைகள் இருந்தன. வட்டுக்கோட்டை மாணவர்களும் மாதிரிக் கணக்குகளைப் பார்த்தே செய்திருப்பார்கள். வேறுபாடு வேறிடத்தில். ஒரு பக்கத்தில், அட்டவணையைக் கட்டிய முறையும் அட்டவணையோடு கூடவே கற்பிக்கப்பட்டது. வானத்தோடு ஒப்பிட்டு எண்களை அடிக்கடி திருத்துவது தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது. மறுபக்கத்தில், வாக்கியம் கை மாறி வந்தபோது அதைக் கட்டிய முறை எல்லார் கைக்கும் கூடவே வரவில்லை. சாஸ்திரியாரின் அறிவைக் குறைத்துப் பேச இதில் ஒன்றுமில்லை. வாக்கியத்தைத் தந்தவர்கள் பெரிய கணிதர்கள். அவர்கள் போட்ட வழியில் நடந்தவர்களுக்கு அந்த வழி போட்ட கதை கிடைக்காமல் போனதுதான் இழப்பு.

வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் அங்கே படித்து அங்கேயே கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். அட்சரகணிதத்தைத் தமிழில் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியர் அன்றே துணிந்தார். அவரும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பின்னர் செய்த வேலையை ஒரு செய்நிரலாளர் பார்த்தால் தன் வேலையை அங்கே அடையாளம் காண்பார். ‘வீரசோழியம்’ 1881இல், ‘கலித்தொகை’ 1887இல் அவர் கையால் அச்சேறின. ஏடெழுதியவர்கள் பொருள் தெரியாமல் பெயர்த்தெழுதிய இடங்களில் ஒரு சுழியோ கொம்போ மாறி, அடுத்த ஏட்டுக்கும் அதற்கடுத்த ஏட்டுக்கும் அதே பிழை போயிருக்கும். பல ஏடுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டு, பிழை எங்கே புகுந்தது என்று தேடித் திருத்தினார். ஏடெழுதியவர் நூலைக் காப்பாற்றித் தந்தார். அதைப் படிக்கத்தக்கதாக்க ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணும் தேவைப்பட்டது.

நான் செய்நிரலாக்கம் படித்ததும் ஏடு பெயர்த்தெழுதியதுபோலத்தான்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரி தடைசெய்த பொருள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, பஞ்சு குடிக்கிற அளவு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, திரி ஏற்றிப் படித்தோம். 1993இல் கொழும்பிலிருந்து வந்த அண்ணை ஒருவரிடம் பேசிக் மொழிப் புத்தகம் ஒன்று இருந்தது. நாலு பேர் முறை வைத்து அதை வாங்கி, சீ.ஆர் கொப்பியில் செய்நிரல்களை வரி வரியாகப் பார்த்தெழுதினோம். கணினி எங்கள் ஒருவர் கைக்கும் எட்டாது. ஆகவே கொப்பியின் இடப்பக்கத்தில் செய்நிரல், வலப்பக்கத்தில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் கோடு. ஒரு வரியை வாசி, எந்த மாறி மாறுகிறது, பழைய எண்ணை வெட்டு, புதியதை எழுது. அடுத்த வரி. 100 வரையான முதன்மை எண்களைக் கண்டுபிடிக்கும் செய்நிரலை இப்படிக் கையால் ஓட்டி முடிக்க எனக்கு இரண்டு இரவு பிடித்தது. ஒரு சுழற்சி எப்படிச் சுழல்கிறது, எங்கே நிற்கிறது என்பதை அந்த இரண்டு இரவில் படித்ததுபோல் பிறகு எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை. வேறு வழியில்லாததால் செய்தோம். அது நல்ல வழியாக அமைந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கொப்பியும் என் பையில் இருந்தது. கொழும்பில் ஒரு கணினியின் முன்னால் இருந்து அந்தச் செய்நிரலைத் தட்டெழுத 1998 ஆகிவிட்டது. ஓடியது. விடை சரி. கண் கலங்கியதென்றே சொல்லவேண்டும். சில நாள் கழித்து, அதோடு ஒற்றை எண்களை எண்ணும் பகுதியையும் சேர்க்க நினைத்து, எண்ணிக்கைக்கு ஆங்கில ஓ எழுத்தைப் பெயராக வைத்தேன். உடனே முதன்மை எண்கள் எல்லாம் குழம்பின. ஒரு பகல் முழுதும் தேடினேன். காரணம் 1993இல் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பூச்சியம் என்று எழுதவேண்டிய இடத்தில் ஓ எழுத்தை எழுதியிருக்கிறேன். கொப்பியில் இருந்தபடியே தட்டெழுதியும் விட்டேன். மதிப்புக் கொடுக்காத மாறியை அந்த பேசிக் மொழி பூச்சியமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பிழை இருந்தும் விடை சரியாக வந்தது. அந்த எழுத்துக்கு வேறொரு வேலை கொடுத்த அன்றுதான் உள்ளே இருந்த பிழை வெளியே வந்தது.

சரியான விடை வந்துவிட்டதென்பதால் விளங்கிவிட்டதென்று ஆகாது என்று அன்று எனக்கு உறைத்தது. அராலிப் பஞ்சாங்கமும் எத்தனையோ ஆண்டு சரியாக வந்திருக்கும்.

மாதிரியின் பலமும் எல்லையும் என்ன என்பதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மவர் பலர் குடியேறியிருக்கும் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் சுவெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. அவர்கள் எடுத்துக்கொண்டதும் அட்சரகணிதத்தைத்தான். ஒரு பகுதி மாணவர்கள் கணக்குகளைத் தாங்களாகவே செய்தார்கள். மற்றப் பகுதியினர் செய்துகாட்டிய கணக்கொன்றைப் படித்து, உடனே அதுபோல ஒன்றைச் செய்தார்கள். செய்துகாட்டியதைப் படித்தவர்களே அதேவகைக் கணக்குகளைப் பின்னர் விரைவாகவும் பிழை குறைவாகவும் செய்தார்கள். புதிதாகப் படிப்பவன் வழியைத் தேடுவதிலேயே மனத்தின் இடம் முழுவதையும் செலவழித்துவிடுகிறான். வழியைக் கற்றுக்கொள்ள இடம் மிஞ்சுவதில்லை என்பது சுவெல்லரின் விளக்கம். எல்லாம் தானாக யோசித்துத்தான் எழுதவேண்டும் என்று தொடக்கப் பிள்ளையை வெற்றுத் திரையின் முன் இருத்திவிடும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அதே ஆய்வில் மறுபாதியும் உண்டு. கணக்கின் வகை மாறியபோது செய்துகாட்டியதைப் படித்தவர்களுக்கு அந்த முந்துதல் கிடைக்கவில்லை.

அந்த மறுபாதியை நிரப்ப வந்தது மிஷலின் சீயும் கூட்டாளிகளும் 1989இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே மாதிரிகளைப் படித்த மாணவர்களில் நன்றாகச் செய்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று, இது ஏன் இப்படி, இதற்கு முன் என்ன இருந்தது என்று தங்களுக்குத் தாங்களே விளக்கம் சொல்லிக்கொண்டவர்கள்தாம் அவர்கள். மற்றவர்கள் வாசித்துவிட்டு விளங்கியது என்றார்கள். 2003இல் கல்யூகாவும் சுவெல்லரும் பிறரும் இன்னொன்றையும் காட்டினார்கள்: ஓரளவு தேறிய பிள்ளைக்கு மாதிரி உதவாமல் சுமையாகவே ஆகிவிடும். பிடித்த கையை எப்போது விடவேண்டும் என்று சட்டம்பியாருக்குத் தெரிந்திருந்தது இதுதான்.

தனக்குத்தானே விளக்கிக்கொள்வது என்றால் எந்த மொழியில்? மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1864இலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மேற்கத்திய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கினார். எங்கள் பாடநூல்களில் மாறி, அணி, செய்நிரல் என்று நல்ல சொற்கள் இன்று இருக்கின்றன. இருந்தும் வகுப்பில் மாதிரியைத் தந்துவிட்டு விளக்கத்தை விட்டுவிடுகிறோம். பைதன் மொழியின் கட்டளைச்சொற்கள் ஆங்கிலம். அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் பிள்ளை அந்தச் சொல்லை ஒரு படம்போலப் பார்த்து வரைந்துவிட்டு மேலே போகிறது. ‘இந்த வரி என்ன சொல்லுது, உம்மட வாயால சொல்லும்’ என்று கேட்டால் மௌனம். கேட்டுப் பழக்கினால் இரண்டு மாதத்தில் வாய் திறக்கிறது. தமிழில்தான் திறக்கிறது.

எங்கள் குறை எங்கே இருக்கிறதென்றால் ரியூசன் கொட்டில்களில் இருக்கிறது. கொட்டிலைப் பழிக்க எனக்கு மனமில்லை. போர்க்காலத்தில் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து, ஆசிரியர் இல்லாமல் தவித்தபோது கிடுகுக் கொட்டிலும் நீட்டு வாங்கும்தான் இந்தச் சமூகத்தின் படிப்பைத் தாங்கின. ஆனால் பரீட்சைக்கு முந்திய அவசரத்தில் அங்கே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. கடந்த வினாத்தாள்களைப் பிரித்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விக்கு ஒரு வார்ப்பு. கூட்டுத்தொகை கேட்டால் இது, சராசரி கேட்டால் இது, மிகப் பெரியதைக் கேட்டால் இது. வார்ப்பு பாடமானால் புள்ளி உறுதி. மனனம் என்ற முதற்பாதி எங்களிடம் பலமாகவே இருக்கிறது. மணலின் அடுத்த படிகள், பழத்தை வெட்டிப் பார்க்கும் படி, ஏடுகளை ஒப்பிடும் படி எல்லாம் நேரமில்லை என்று கைவிடப்பட்டன. இப்போது கணினியே வார்ப்பையும் எழுதித் தருகிறது. மனனம்கூடத் தேவையில்லை என்றானபின் எங்களிடம் என்ன மிஞ்சும் என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் மாதிரியில் தொடங்குவது குறையல்ல. 1978இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம், உலகுக்கு வணக்கம் சொல்லும் ஒரு சின்ன மாதிரியோடு தொடங்கியது. உலகமெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தெழுதித்தான் தொடங்கினார்கள். அந்த வணக்கத்தைத் தன் பெயருக்கான வணக்கமாக மாற்றிப் பார்த்தவன் இரண்டாம் படியில் கால் வைத்துவிட்டான்.

ஆகவே நான் மாதிரி கொடுப்பதை நிறுத்தவில்லை. மாதிரி கொடுத்த அன்றே மூன்று வேலையும் சேர்த்துக் கொடுக்கிறேன். ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுது. ஒரு வரியை மாற்று. பிறகு உன் வீட்டுக் கணக்கொன்றைக் கொண்டுவந்து அதற்குள் போடு.

சென்ற ஆண்டு இப்படித்தான் ஒரு பிள்ளை கணக்கு கொண்டுவந்தாள். தகப்பன் சந்தையில் மரக்கறி யாவாரம் செய்கிறார். மழை பெய்து சனம் வராத ஒரு கிழமை. ஆறு நாளும் நட்டம். தகப்பனின் கொப்பியிலிருந்து எண்களை எடுத்திருந்தாள்: கழித்தல் 350, கழித்தல் 1200, கழித்தல் 80, கழித்தல் 600, கழித்தல் 2100, கழித்தல் 450. இதில் நட்டம் குறைந்த நாள், அதாவது எண்களில் மிகப் பெரியது எது என்பதுதான் கேள்வி. வார்ப்பு அவளுக்குப் பாடம். மிகப் பெரியது என்ற மாறியில் பூச்சியத்தை வை. பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார். அது மிகப் பெரியதைவிடப் பெரிதானால், மிகப் பெரியதில் அதைப் போடு. பரீட்சைப் புள்ளிகளுக்கு அதை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள், ஒருநாளும் பிழைத்ததில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சேர், பூச்சியம் எண்டு வருது. அப்பா ஒரு நாளும் பூச்சியம் எழுதேல்லையே."

"கையால ஓட்டிப் பாரும், பிள்ளை."

கொப்பியில் இரண்டு நிரல் கோடு கீறினாள். மிகப் பெரியது: 0. முதல் எண் கழித்தல் 350. பூச்சியத்தைவிடப் பெரிதா? இல்லை. கழித்தல் 1200. இல்லை. மூன்றாவதில் பேனை நின்றது. ஆறாவது வரை போகவே இல்லை. "ஒண்டுமே உள்ளுக்குப் போகாது, சேர். வாசல்ல பூச்சியம் நிக்குது" என்றாள்.

"பூச்சியத்தை ஆர் வைச்சது?"

"கொப்பியில அப்பிடித்தான் இருந்தது." பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பரீட்சையில் ஒருவரும் பூச்சியத்துக்குக் கீழே எடுப்பதில்லை, அதனால்தான் அங்கே பிழைக்கவில்லை என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். பூச்சியத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பட்டியலின் முதலாவது எண்ணையே வைத்தாள். ஓட்டும் முன் விடையைத் தாளில் எழுதினாள்: கழித்தல் 80. ஓட்டினாள். கழித்தல் 80.

பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அடுத்த பிள்ளையிடம் போகத் திரும்பினேன். பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

"சேர், கர்த்தால் வந்து கிழமை முழுக்கச் சந்தை பூட்டினா? அப்ப பட்டியல்ல முதலாவது எண்டு ஒண்டு இருக்காதே."